கடல் வந்து நிற்கும் கோடு

திருவொற்றியூர்
18 ஆகஸ்ட் 2024

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை ஃபாத்திமாவுக்கு அண்ணன் லூர்து எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி எல்சியும் ஜூடியும் மாதா தயவில் நலம். உன் நலத்தையும், தில்லி வெயில் உன்னை என்ன பாடுபடுத்துகிறது என்பதையும் எழுது.

தபாலில் கடிதமா என்று சிரிப்பாய். தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போனதிலிருந்து போன் எனக்குச் சரிப்படவில்லை. நீ பேசுகிறாய், நான் திரையைப் பார்த்துத் தலையாட்டுகிறேன். டைப் அடிக்கலாம் என்றால் முப்பது வருஷம் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் பிடித்த விரல். ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று விழுகிறது. "நான் அடிச்சித் தரேம்பா" என்கிறாள் ஜூடி. மகளிடம் சொல்லக்கூடியதை மட்டுமே எழுதுவதென்றால் அதற்குக் கடிதம் எதற்கு? வீட்டில் பேசுவதற்குச் சிலேட்டு வைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் பேப்பர்.

விஷயம் இதுதான். ஜூடிக்கும் அலெக்ஸாண்டருக்கும் கல்யாணப் பேச்சு முடிந்தது. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை பார்க்கும் பையன், நல்ல பையன். அவன் வீட்டில் ஒரே அறையில் அண்ணன் தம்பி நான்கு பேர். அதனால் கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே இருக்கட்டும், மேலே ஒரு மாடி எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். என் ரிட்டயர்மென்ட் பணம் அதற்குத்தான் ஆகும்.

ஆனால் கடல் பக்கத்தில் வந்துவிட்டது. உனக்குத் தெரியாததில்லை. நம் சந்தியாகப்பர் தெருவுக்கு முன்னால் இப்போது ஒரே ஒரு வரிசை வீடுகள்தான். அதற்கு அப்பால் கொட்டிய கல், அதற்கு அப்பால் தண்ணீர். பக்கத்து வீட்டு தேசப்பன் நம் கரைக்கும் தூண்டில் வளைவு வரப்போகிறது என்கிறான். கடலுக்குள் கையை மடக்கின மாதிரி கல்லைப் போட்டு மணலைப் பிடிப்பார்களே, அதுதான். அது வந்தால் பயமில்லை என்கிறான்.

எல்சி சொன்னாள், "கடலைப் பத்திப் படிச்ச பொண்ணு நம்ம வூட்லயே கீது. அதைக் கேக்காம தேசப்பனைக் கேட்டுகினு இருக்கியே" என்று. கேட்கிறேன். மாடி எடுக்கலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
லூர்து

---

புது தில்லி
9 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உன் குரலே கேட்ட மாதிரி இருந்தது. நான் நலம். தொண்டைப் புண் முழுதாக ஆறிவிட்டதா? கழுத்துத் துவாரத்தில் தூசி போகாமல் துணி கட்டிக்கொள்கிறாயா? நேற்று மாதா பிறந்தநாள். இங்கே கோயிலில் கூட்டமே இல்லை. ராயபுரத்தில் நாம் வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்து போகிறவர்களுக்கு மோர் கொடுத்தது நினைவு வந்தது.

எனக்கு ஒரு நல்ல செய்தி. மூன்று வருஷமாக நான் கத்திக்கொண்டிருந்ததை ஒருவழியாகக் கேட்டிருக்கிறார்கள். கரையோரத்துக்கு நீண்டகாலத் திட்டம் தயாரிக்க ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். என்னையும் சேர்த்திருக்கிறார்கள். என் வாதம் என்ன என்று உனக்குச் சொன்னதே இல்லை. பூமி இத்தனை டிகிரி சூடாகும் என்றால் யாருக்கும் உறைப்பதில்லை அண்ணா. அரை டிகிரிதானே, ஃபேனை ஒரு புள்ளி கூட்டிவைத்தால் போயிற்று என்று நினைக்கிறார்கள். அதனால் டிகிரியை விடுங்கள், கடலைக் கேளுங்கள் என்றேன். புகையை இன்றைக்கே நிறுத்தினாலும் கடல் உடனே நிற்காது. அடுப்பை அணைத்த பிறகும் பெரிய அண்டா சூடாகவே இருப்பதுபோல, இன்னும் பல நூறு வருஷம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்பது அடுத்த இருபது முப்பது வருஷத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. கொஞ்சமாகப் புகைத்தால் ஒரு கோடு, இப்படியே போனால் இன்னொரு கோடு. அந்த இரண்டு கோட்டையும் ஊர்ப் படத்தில் வரைந்து முன்னால் வைத்தால், பார்க்கிறவன் தூங்க மாட்டான். எந்தக் கொள்கை வகுத்தாலும் இந்த நூற்றாண்டோடு கணக்கை முடிக்காமல் அந்தக் கோட்டைப் பார்த்து வகுக்க வேண்டும் என்பதுதான் என் அறிக்கை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

உனக்கு இதெல்லாம் போரடிக்கும். எனக்கு வேறு யாரிடம் சொல்ல இருக்கிறது?

மாடி விஷயம். மழைக்காலம் முடியட்டுமே. அவசரமில்லை. ஜூடிக்கு என் முத்தம். அண்ணியிடம் சுறாப் புட்டுச் சாப்பிட்டு வருஷமாகிறது என்று சொல்.

உன் தங்கை
ஃபாத்திமா

---

திருவொற்றியூர்
6 அக்டோபர் 2024

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கைக்கு, அண்ணன் ஆசீர். நாங்கள் நலம். புண் ஆறிவிட்டது. துணி கட்டிக்கொள்கிறேன்.

போரடிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். பிறகு தேசப்பனிடம் கொடுத்தேன், அவன் குப்பம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். எதிர்வரிசையில் மீன் உலர்த்துவாளே, அந்தக் குப்பம்மாதான். முன்வரிசையில் அவள் வீடுதான் கல்லை ஒட்டி இருக்கிறது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம தெருப் பொண்ணு அங்க குந்திகினு கீது. இனிமே நமக்கு இன்னா பேஜாரு?" என்றாள். அன்றிலிருந்து தெருவில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. ஹுமாயூன் கடையில் டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறான்.

எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது அப்பா, "இவ்ளோ படிச்சி இன்னா கடலையா நிறுத்தப் போற" என்று கேலி செய்வார். இருந்திருந்தால் இப்போது என்ன சொல்வாரோ.

எல்லோரும் கேட்பது, தூண்டில் வளைவு எப்போது வரும் என்பது. நீ ஒரு வார்த்தை சொன்னால் சீக்கிரம் வருமா? மாடி விஷயத்தையும் மறந்துவிடாதே. மேஸ்திரி தை மாதத்துக்குத் தேதி கேட்கிறார்.

லூர்து

---

புது தில்லி
2 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. புயல் செய்தி பார்த்தேன், ஜூடியிடம் போனில் பேசினேன். தெருவுக்குள் தண்ணீர் வந்து வடிந்துவிட்டது என்றாள். நீ மழையில் நனையாதே. நெஞ்சில் சளி கட்டினால் உனக்கு இருமக்கூட முடியாது.

குழு வேலை அதிகம். வெளியில் பேசக் கூடாதென்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. தெருவிலும் என் பேச்சை அதிகம் எடுக்காதீர்கள்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அறையில் ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அலெக்ஸாண்டருக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைக்காதா? தண்டையார்பேட்டைப் பக்கமோ கொருக்குப்பேட்டையிலோ வாடகைக்குப் பார்த்தால்கூட நல்லது. சிறுசுகள் தனியாக இருக்கப் பிரியப்படுவார்கள்.

கிறிஸ்மஸ் வாழ்த்துகள். அண்ணிக்கும் ஜூடிக்கும் அன்பு.

ஃபாத்திமா

---

திருவொற்றியூர்
27 ஜனவரி 2025

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கைக்கு, நலம், நலமறிய ஆவல்.

உன் கடிதத்தை எல்சியிடம் காட்டியது என் தப்பு. குவார்ட்டர்ஸ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "மருமவனை வூட்டோட வெச்சிக்கிறது உன் தங்கச்சிக்குப் புடிக்கல. வூட்ல அதுக்கும் பங்கு கீதுன்னு நெனைக்குதோ இன்னாவோ" என்றாள். அப்படிப்பட்டவள் இல்லை என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். சிலேட்டில் சண்டை போடுவது கஷ்டம். நாம் எழுதி முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

மாடி வேண்டாம் என்று நீ எழுதவில்லை. வேண்டாமென்றால் உன்னால் சொல்லாமல் இருக்க முடியாது என்று நானாகத் தீர்மானித்துக்கொண்டேன். பொங்கல் கழித்து வேலை ஆரம்பித்தோம். சனிக்கிழமை தளம் போட்டாயிற்று. தெருவில் பாதிப் பேர் சட்டி தூக்கினார்கள். ஜன்னலைத் தெற்கே வைக்கச் சொன்னேன். அதில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்களும் எண்ணெய்க் கிடங்கின் வெள்ளைத் தொட்டிகளும் தெரிகின்றன. கிழக்கே வைத்தால் கடல் தெரியும், எல்சி வேண்டாம் என்றுவிட்டாள்.

ஈஸ்டர் கழிந்து மே மாதம் கல்யாணம். ஒரு வாரம் முன்னாலேயே வா.

லூர்து

---

திருவொற்றியூர்
15 ஜூன் 2025

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கைக்கு,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஜனவரியில் எழுதியதற்குப் பதில் இல்லை. கல்யாணத்துக்கு உன் பட்டுப்புடவை வந்தது, நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று ஜூடியிடம் சொன்னாயாம். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு லீவு கொடுக்காத ஆபீஸ் எது என்று எல்சி கேட்டாள். நான் மாலை கட்டுகிறவரைப் பார்க்கப் போய்விட்டேன்.

எல்லாம் நன்றாக நடந்தது. சிறுசுகள் மாடியில் இருக்கிறார்கள். காலையில் அலெக்ஸாண்டர் படியிறங்கும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வருகிறது.

இப்போது ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. கரையோரத் திட்டம் பற்றி அடுத்த மாதம் சமூகநலக் கூடத்தில் மக்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். அதில் சந்தியாகப்பர் தெருவை "நீண்டகாலத்தில் காக்க இயலாத பகுதி" என்று போட்டிருக்கிறது. அதன் அர்த்தம் என்னவென்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தூண்டில் வளைவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தெருவில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தது, உன்னை ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்வது. எங்களுக்குக் கத்தத் தெரியும், பேசத் தெரியாது. நீ எழுதினால் ஜூடி வாசிப்பாள். உன் பேர் வேண்டாம்.

எழுது ஃபாத்திமா.

லூர்து

---

புது தில்லி
2 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் நலம் வேண்டுகிறேன்.

என்னால் எழுதித் தர முடியாது. குழுவில் இருந்துகொண்டு நான் அதைச் செய்யக் கூடாது. விதி அப்படி. நீங்கள் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு கரைக்குச் சுவர் கட்டினால் அடுத்த கரையில் மண் அரிக்கிறது என்பதைச் சொல்லுங்கள். வேலை, பள்ளிக்கூடம், படகு நிறுத்த இடம், எல்லாவற்றையும் சொல்லுங்கள். சொன்னதைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கூடத்துக்கு நீ போக வேண்டாம். கூட்டத்தில் மூச்சு முட்டும். ஜூடியை மட்டும் அனுப்பு.

மாடியில் சிறுசுகளுக்குக் காற்று வருகிறதா?

ஃபாத்திமா

---

திருவொற்றியூர்
23 ஜூலை 2025

அத்தைக்கு,

நான் ஜூடி. அப்பா எழுதமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், இல்லை திட்டிவிடுவேன்.

நேற்று கூடத்தில் உட்கார இடமில்லை. நீங்கள் வேண்டாமென்று எழுதியும் அப்பா வந்தார். அதிகாரி ஒரு பெரிய படத்தைத் திரையில் போட்டார். ஒரு நீலக்கோடு நம் தெருவுக்குப் பின்னால், நெடுஞ்சாலையையும் தாண்டிப் போனது. "இது கடல் கடைசியா வந்து நிக்கப்போற கோடு. இதுக்குக் கிழக்கால சுவரோ தூண்டில் வளைவோ போடறது வீண் செலவு. உங்களுக்கு எண்ணூர்ல ஃபிளாட் தயாரா இருக்கு" என்றார்.

குப்பம்மா ஆயா எழுந்து, "சார், அந்தத் தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டது.

"இருநூறு வருஷம் ஆகலாம், முன்னூறு வருஷம் ஆகலாம்."

"முன்னூறு வருசம் கயிச்சி வர்ற தண்ணிக்கு இன்னிக்கே வூட்டைக் காலி பண்ணணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் எழுந்து கேட்டேன். "அந்தக் கோடு எண்ணெய்க் கிடங்குக்குப் பின்னாலயும்தான் போகுது. அங்க மட்டும் ஏன் சுவரை உசத்துறீங்க?"

"அது தேசத்தோட சொத்தும்மா."

அப்போது தேசப்பன் மாமா நாற்காலி மேல் ஏறிவிட்டார். "இதெல்லாம் டுபாகூர் படம் சார். எவனோ ஏசி ரூம்ல குந்திகினு கோடு கிழிச்சிக் குடுத்தான், அத்த எட்தாந்து எங்ககிட்டக் காட்றீங்க" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரி கோபப்படவே இல்லை. அமைதியாக, "எவனோ இல்லைங்க. இந்தக் கொள்கையை எழுதினதே உங்க தெருவில பிறந்த அம்மாதான். டாக்டர் ஃபாத்திமா. நீண்டகாலக் கடல்மட்டத்தை வெச்சித்தான் எந்த முடிவும் எடுக்கணும்னு அவங்கதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க" என்றார்.

 எல்லோரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து யாரோ, "அப்ப அது போட்டதும் பொய்க்கோடுதான். காசு வாங்கிகினு எழுதிக் குடுத்துச்சி" என்றார்கள்.

அப்பா எழுந்து நின்றார். சிலேட்டில் எழுதித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். முன்னால் இருந்தவர்களுக்குக் காட்டிவிட்டு, பின்னால் இருந்தவர்களுக்கும் திரும்பிக் காட்டினார். "என் தங்கை பொய் எழுதமாட்டாள்" என்று எழுதியிருந்தது.

குப்பம்மா ஆயா அவர் கையைப் பிடித்து இழுத்தது. "நைனா, உன் வூடும்தானே போவுது?"

அப்பா தலையாட்டினார். சிலேட்டை இறக்கவில்லை.

அதிகாரி, "பாருங்க, ஐயாவே ஒத்துக்கறாரு" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். அப்பா அதைச் சொல்லவில்லை அத்தை. அவர் சொன்னது வேறு. ஆனால் அடுத்த வரியை எழுதிக் காட்ட யார் அவருக்கு நேரம் கொடுத்தார்கள்?

இன்று காலையில் ஹுமாயூன் கடையில் அப்பாவோடு யாரும் உட்காரவில்லை.

உங்களுக்கு எப்போது தெரியும் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். தளம் போடுவதற்கு முன்னாலா, பின்னாலா?

ஜூடி

---

புது தில்லி
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கும் ஜூடிக்கும்,

முன்னால். நவம்பரில் முதல் படம் வந்தது. நம் தெருவைத்தான் முதலில் தேடினேன். இரண்டு கோட்டுக்குமே அது கிழக்கே இருந்தது. புகையை எவ்வளவு குறைத்தாலும் நம் தெரு கடலுக்குத்தான். இதை அண்ணனுக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைக் காரணமாக வைத்துக்கொண்டேன். அது முழுக் காரணம் இல்லை.

நான் எழுதியது என்ன, செய்தது என்ன என்பதையாவது சொல்கிறேன். இரண்டு கோட்டையும் பார்த்தால் புகையைக் குறைப்பார்கள் என்று எழுதினேன். கரையில் இருக்கிறவர்களை இப்போதே காக்கவும் வேண்டும், பிள்ளை பேரப்பிள்ளை காலத்தில் மெதுவாக, அவர்கள் சம்மதத்தோடு, வேலைக்குப் பக்கத்திலேயே மேட்டுக்கு நகர வழி செய்யவும் வேண்டும் என்று எழுதினேன். புகையைக் குறைக்கும் பாதியை மற்ற நாடுகளைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். காக்கும் பகுதிக்குச் செலவு அதிகம் என்றார்கள். கடைசியில் ஒரே ஒரு கோடுதான் மிஞ்சியது. அதையும் பணம் இல்லாத இடத்தில்தான் போட்டார்கள்.

மறுப்பு எழுதிக் கொடுத்தேன். அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்த்துக்கொள்வதாகக் குழுத் தலைவர் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அண்ணா, நீ அந்தச் சிலேட்டைத் தூக்கியிருக்க வேண்டாம்.

அண்ணியிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. உன் மூச்சு எப்படி இருக்கிறது?

ஃபாத்திமா

---

எண்ணூர்
16 நவம்பர் 2025

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கைக்கு, அண்ணன் ஆசீர். இங்கு நாங்கள் நலம். மேலே எழுதியிருக்கும் ஊரைப் பார்த்திருப்பாய்.

ஆகஸ்டில் நீ எழுதியது கிடைத்தது. உடனே பதில் எழுத ஒன்றும் இல்லை. கோபமில்லை என்று எழுதினால் நம்பமாட்டாய். இருந்தது. வீட்டை நினைத்துக்கூட இல்லை. கல்யாணத்துக்கு நீ வராததுதான்.

செப்டம்பர் கடைசியில் கடல் பொங்கியது. கொட்டின கல்லெல்லாம் உருண்டது. குப்பம்மாவின் வீடும் அதையொட்டி இருந்தவையும் ஒரே மத்தியானத்தில் போய்விட்டன. அவள் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தேசப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். முன்னூறு வருஷம் என்று சொன்னார்களே என்று யாரும் கேட்கவில்லை. கேட்க ஆளும் இல்லை. கல் கொட்ட வரமாட்டோம், அந்தப் பகுதிக்கு உத்தரவு இல்லை என்றார்கள். அதன் பிறகு தெருவில் ஒருத்தரும் தகராறு செய்யவில்லை. சாவி வாங்கிக்கொண்டோம். மாடியில் இருந்த ஜன்னலை அலெக்ஸாண்டர் கழற்றப் பார்த்தான். வராமல் கண்ணாடி உடைந்துவிட்டது. விட்டுவிட்டு வந்தோம். அவனும் ஜூடியும் கொருக்குப்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

இங்கே தரைத்தளத்தில் ஒரு வீடு, என் மூச்சுக்காகக் கொடுத்தார்கள். சமையலறையில் குழாய், திருகினால் தண்ணீர். எல்சி இறால் உரிக்கப் போகும் கம்பெனி தூரமாகிவிட்டது. இரண்டு பஸ் மாற வேண்டும். போகவில்லை. தேசப்பன் படகைக் காசிமேட்டில் விட்டுவிட்டு வாரம் ஒருமுறை வருகிறான். என்னோடு பேசுகிறான் இப்போது. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆகிவிட்டதால் கோபம் போய்விட்டது.

உப்பளத்தில் மண் கொட்டி மேடாக்கிக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் கழிமுகம். போன வாரம் மழை பெய்தபோது வாசல் வழியாகத் தண்ணீர் வரவில்லை. தரையில் ஓடு ஒட்டிய சந்துகளிலிருந்து ஊறியது. நக்கிப் பார்த்தேன், உப்புக் கரித்தது.

நேராகக் கேட்கிறேன். இந்த இடம் உன் கோட்டுக்கு எந்தப் பக்கம்?

லூர்து

---

புது தில்லி
27 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. இன்றே எழுதுகிறேன்.

கிழக்குப் பக்கம். சந்தியாகப்பர் தெருவைவிடத் தாழ்வு. அங்கே கடல் முன்னாலிருந்து வராது. கழிமுகம் வழியாகப் பின்னாலிருந்து வரும், அடியிலிருந்தும் வரும். நீ நக்கிப் பார்த்தது அதுதான். எத்தனை வருஷம் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. வருஷா வருஷம் மழைக்காலத்தில் கொஞ்சம் அதிகமாகும்.

இன்று காலை தலைவரைப் பார்த்தேன். படத்தை விரித்து, கோட்டுக்குக் கிழக்கே இருந்தவர்களை எடுத்துத் திரும்பவும் கோட்டுக்குக் கிழக்கேயே போட்டிருக்கிறீர்களே என்றேன். அவர், "அந்தக் கட்டடத்தோட ஆயுசு அம்பது வருஷம் மேடம். அதுக்கு எதுக்கு முன்னூறு வருஷத்துக் கணக்கு? அவ்வளவு தூரத்துக்கெல்லாம் யோசிச்சா நாம எங்கயுமே ஒண்ணும் கட்ட முடியாது" என்றார். போன வருஷம் நான் கரைக்குச் சுவர் கேட்டபோது நூற்றாண்டோடு நிறுத்தாதீர்கள், தூரத்தைப் பாருங்கள் என்று என் வரிகளையே எனக்குப் படித்துக் காட்டியவர் இவர்தான். இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னார். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ராஜினாமா செய்யலாமா என்று யோசித்தேன். நான் போனால் அந்தப் பின்னிணைப்பையும் எடுத்துவிடுவார்கள். இருந்தால், என் பேர் முதல் பக்கத்தில் இருக்கும். இன்னும் முடிவு செய்யவில்லை.

மழை வலுத்தால் ஜூடி வீட்டுக்குப் போய்விடுங்கள். ஈரத்தில் படுக்காதே. அண்ணியிடம் நீயே சொல்லிவிடு அண்ணா. நான் சொன்னால் தாங்கமாட்டாள்.

கிறிஸ்மஸுக்கு வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஃபாத்திமா

---

எண்ணூர்
14 டிசம்பர் 2025

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கைக்கு, நலம்.

நீ எழுதியதைப் படித்தேன். வராந்தாவில் நின்று படித்தேன்.

எல்சியிடம் சொல்ல நேற்றுச் சிலேட்டை எடுத்தேன். அவள் வாசலில் கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தாள். தரையை ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டு, ஊறுகிற இடத்தில் சாக்கு போட்டு, அதன் மேல் ஜூடி கல்யாணத்துக்கு வாங்கிய பாயை விரித்திருந்தாள். குழாயைத் திறந்து குடத்தை வைத்தாள். குடம் நிறைகிறதைப் பார்த்துக்கொண்டே, "இன்னா இருந்தாலும் சரி, இங்க வந்தப்புறம்தான் நான் ஒழுங்கா தூங்குறேன். அங்க ஒவ்வொரு அலைக்கும் முழிச்சிகினு கிடப்பேன். உனக்குத்தான் தெரியாது, நீ நல்லா தூங்குவ" என்றாள். இருபது வருஷமாக அவள் விழித்துக் கிடந்தது எனக்குத் தெரியாது. பிறகு, "இன்னா எழுதுற? காட்டு" என்றாள்.

சிலேட்டில் "ஸ்டார் கோணலாக இருக்கிறது" என்று எழுதிக் காட்டினேன். போய்ச் சரி செய்தாள்.

நீ வா. எழும்பூரிலோ சென்ட்ரலிலோ அலெக்ஸாண்டர் வந்து அழைத்து வருவான். எல்சி இப்போது உன் மேல் கோபமாக இல்லை. சுறாவுக்கு தேசப்பனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். சாப்பாடு போடும்போது அவள் நிச்சயம் கேட்பாள், "ஃபாத்திமா, இங்க ஒண்ணும் பயமில்லியே?" என்று. உன்னைத்தான் கேட்பாள். என்னைக் கேட்க மாட்டாள். நீ என்ன சொன்னாலும் நம்புவாள்.

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அண்ணன்
லூர்து